கசிவைச் சுவைத்தவர்

அந்தத் திரவம் தரையில் கொட்டினால் ஈரம் நிற்காது. கையில் பட்டால் சில்லென்று இருக்கும், துடைப்பதற்கு முன்பே போய்விடும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. கசிந்தால் எங்கே கசிகிறது என்று கண்ணால் கண்டுபிடிக்க வழியே இல்லை. தொட்டியில் மட்டம் மட்டும் குறைந்துகொண்டு போகும்.

2014 மே மாதம். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகிற நெடுஞ்சாலையில், கூட்டேரிப்பட்டுக்குப் பக்கத்தில், பழைய அரிசி ஆலை ஒன்றை எங்கள் கம்பெனி டேட்டா சென்டராக மாற்றியிருந்தது. பல ஊர்க் கம்பெனிகளுடைய சர்வர்களை வாங்கி வைத்து, நிற்காமல் ஓடவிடுவதுதான் தொழில். எனக்கு இரவு ஷிப்ட். இன்ஜினீயரிங்கைப் பாதியில் விட்டவனுக்கு எங்கள் பக்கத்தில் கிடைக்கிற வேலைகளில் அது மோசமில்லை. விளக்குகள் பச்சையாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். சிவப்பானால் போன் அடிக்க வேண்டும். பேச யாரும் வரமாட்டார்கள். அதுவும் எனக்கு வசதிதான்.

சர்வர் என்றால் சூடு. பெரிய கூடத்தில் ஏசி போட்டு அந்தச் சூட்டை வெளியேற்றினோம். அக்னி நட்சத்திரம் வந்தால் ஏசி தோற்றுவிடும். அதனால் பக்கத்துச் சிறிய அறையில் ஒரு புது முறையைச் சோதனைக்கு வைத்திருந்தார்கள். பீரோ மாதிரி மூடிய இரும்புப் பெட்டிகள். உள்ளே சர்வர் பலகைகள் நிமிர்ந்து நிற்கும். மேலே வரிசையாக நாசில்கள். அவற்றிலிருந்து அந்தத் திரவம் மின்சாரம் ஓடுகிற பலகை மேலேயே தூறலாகத் தெளிக்கும். தண்ணீராக இருந்தால் அந்த நொடியே எல்லாம் கருகிவிடும். இது மின்சாரத்தைக் கடத்தாது. சூடான சிப்பில் பட்டதும் கொதித்து ஆவியாகும். ஆவி மேலே போய்க் குளிர்ந்த குழாயில் பட்டு மறுபடி சொட்டாகும். கீழே தொட்டியில் சேரும். பம்ப் அதைத் திரும்ப மேலே அனுப்பும்.

பெரிய கூடத்தில் விசிறி இரைச்சலில் காது அடைத்துப்போகும். இந்த அறையில் தூறல் சத்தம் மட்டும்தான். மூடிய இரும்புக்குள் மழை பெய்கிற சத்தம் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வேலை இல்லாமல் அங்கே நான் போனதில்லை.

ஆபத்து ஒன்றும் இல்லை என்று ஆரம்பத்திலேயே காட்டியிருந்தார்கள். பெங்களூரிலிருந்து வந்த ஆஷ்லின் என்ற இன்ஜினீயர் பெண், ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் அதை ஊற்றி, எங்கள் மேனேஜர் வேங்கடேசனுடைய செல்போனை வாங்கி உள்ளே முக்கினாள். பிறகு அந்த எண்ணுக்கு அடிக்கச் சொன்னாள். முங்கியபடியே போன் அடித்தது. நாங்கள் கைதட்டினோம். ஒவ்வொருவராகக் கையை விட்டுப் பார்த்தோம். தீக்குச்சியைக் கிழித்துப் போட்டாலும் பிடிக்காது என்றாள். அதற்கு மேல் அவள் சொன்னது எல்லாம் பகல் ஷிப்ட்காரர்களுக்கு நடந்த பயிற்சியில், ஆங்கிலத்தில். நான் அப்போது வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன்.

அன்று கையை விட்டவர்களில் பாக்கியராஜும் ஒருவர். திண்டிவனத்தில் ஏசி, ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடை வைத்திருப்பவர். எங்கள் ஏசிகளையும் புது அறைக்குக் குளிர்ந்த தண்ணீர் கொண்டுபோகிற குழாய்களையும் அவர்தான் பார்த்துக்கொண்டார். பருத்த தோள், கழுத்தில் மாதா சுரூபம் தொங்குகிற கறுப்புக் கயிறு, வாயில் எப்போதும் ஒரு கிண்டல். என்னோடு வேலை மெனக்கெட்டுப் பேசுகிற ஒரே ஆள்.

அந்த மே மாதத்தில் தொட்டியின் மட்டம் இறங்க ஆரம்பித்தது. கசிவு கண்டுபிடிக்கிற கருவி பழுதாகிப் பெங்களூருக்குப் போயிருந்தது. அறையைப் பார்க்க ஒரு பெரிய கம்பெனியிலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. ஒருநாள் காலையில் என் ஷிப்ட் முடிகிற நேரத்துக்கு வேங்கடேசனும் பாக்கியராஜும் ஒன்றாக வந்தார்கள்.

பாக்கியராஜ் பெட்டிகளின் கதவோரம் எல்லாம் சோப்பு நுரை தடவிப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை.

"உள்ள பிரஷர் இல்ல சார். நுரை எப்டி கெளம்பும்?"

"அப்ப வர்றவங்களுக்குக் காலி தொட்டியக் காமிக்கவா?" என்றார் வேங்கடேசன்.

"இருங்க சார். நம்மகிட்ட வேற மெஷின் ஒண்ணு கீது." சட்டைப் பையிலிருந்து பீடிக் கட்டை எடுத்தார்.

"யோவ், சர்வர் ரூம்ல பீடியா?"

"குடிக்கிறதுக்கு இல்ல சார், மோப்பம் புடிக்கிறதுக்கு. ஃபிரிட்ஜ் கேஸ் எங்கனா லீக்காவுதுன்னு வைங்க, அங்க பீடிய இழுத்தா தொண்டையில முள்ளு மாதிரி குத்தும். வேற எடத்துல சும்மா சாதா பீடி. நாங்க கத்துக்கினதே இப்டித்தான்."

பொய் இல்லை. பழைய மெக்கானிக்குகள் பலரும் அப்படித்தான் கசிவு பிடிப்பார்கள். வேங்கடேசன் யோசித்தார். நெருப்புப் பிடிக்காத சரக்கு என்று அவருக்கும் தெரியும். "சித்து, ஸ்மோக் அலாரத்தக் கொஞ்சம் ஆஃப் பண்ணிவை" என்றார். சித்தார்த்தன் என்கிற என் பெயரை அங்கே யாரும் முழுதாகச் சொன்னதில்லை. நான் ஆஃப் செய்தேன்.

பாக்கியராஜ் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு ஒவ்வொரு பெட்டியின் கதவோரமும் குனிந்து, நெருப்பு நுனியை இடுக்குக்கு அருகில் வைத்து, இழுத்து இழுத்துப் பார்த்தார். மூலையில் இருந்த பெட்டிக்கு வந்ததும் சட்டென்று இருமினார். கண்ணில் தண்ணீர்.

"மாட்டிக்கினான்."

"நெஜமாவா?" என்றேன்.

"நம்பலியா? இந்தா, நீயே இழுத்துப் பாரு."

வாங்கி ஒரு இழுப்பு இழுத்தேன். கசப்பு இல்லை அது. மெல்லிய கம்பி ஒன்றை மூக்கு வழியாக நெஞ்சுக்குள் விட்டு உருவின மாதிரி இருந்தது. நான் இருமிய இருமலில் வேங்கடேசன் சிரித்தார். "இதுக்குத்தான் படிப்ப முடிக்கணும்றது" என்றார். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை.

எந்தப் பெட்டி என்று தெரிந்தால் போதாது, எந்த இடம் என்று தெரிய வேண்டும். பாக்கியராஜ் தரையில் படுத்துக்கொண்டு கதவின் ரப்பர் பட்டை ஓரமாகவே பீடியை நகர்த்தினார். ஒன்று முடிந்தால் அடுத்தது. இருமுவார், துப்புவார், மறுபடி இழுப்பார். கடைசியில் கீழ்மூலையில் ரப்பர் விரிந்திருந்ததைக் கண்டுபிடித்தார். மாற்றினார். மாற்றிய பிறகும் ஒரு பீடி இழுத்துப் பார்த்து, "இப்ப சாதா பீடி" என்றார். தொட்டி மட்டம் நின்றது. வேங்கடேசன் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"விழுப்புரத்துல மண்டபம் ஒண்ணுல ஏசி படுத்துக்கினு கீது. சாயங்காலம் ரிசப்ஷனாம். ஜல்தியா போவணும்" என்று சொல்லிவிட்டு பாக்கியராஜ் பைக்கில் கிளம்பினார். முகத்தைக் கழுவியிருந்தார். இருமல் நின்றிருந்தது.

கசிவு சரியானதை ஆஷ்லினுக்குச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போ என்று வேங்கடேசன் சொன்னதால் நான் போன் அடித்தேன். அவளுக்குச் சந்தோஷம்.

"டிடெக்டர் இங்கதானே இருக்கு, எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

அவள் சிரிப்பாள் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அந்தப் பக்கம் நாற்காலி பின்னால் தள்ளப்படுகிற சத்தம் கேட்டது.

"எரியற பீடியா? கதவுகிட்ட வச்சு உள்ள இழுத்தாரா?"

"ஆமா மேடம்."

"ஒரு தடவையா?"

"இல்ல. நாலஞ்சு பீடி இருக்கும்."

"அவர் இப்ப எங்க?"

"போயிட்டார். வேற வேலைக்கு."

அவள் மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். "இங்க பாருங்க. அந்த லிக்விட் சும்மா இருந்தா ஒண்ணும் பண்ணாது. பீடி நுனியில இருக்கிற சூடு பட்டா உடைஞ்சுடும். உடைஞ்சு வர்ற கேஸ் வேற, அது விஷம். உள்ள போனா உடனே தெரியாது. கொஞ்சம் இருமல் வரும், நின்னுடும். மனுஷன் நல்லாத்தான் இருப்பார். அப்புறம் சில மணி நேரம் கழிச்சு நுரையீரல்ல நீர் கோத்துக்கும்."

"கோத்துக்கினா?"

"மூச்சு விட முடியாது. அது வர்றதுக்கு முன்னாடியே வென்டிலேட்டர் இருக்கிற ஆஸ்பத்திரியில இருக்கணும். இன்னொண்ணு, அவரை எந்த வேலையும் செய்ய விடாதீங்க. படி ஏற வேணாம், வெயிட் தூக்க வேணாம், நடக்கக்கூட வேணாம். உடம்பு உழைச்சா சீக்கிரம் வந்துடும், மோசமாவும் வரும். ட்ரெயினிங்ல சொன்னேனே, நெருப்பு பக்கத்துல வரக்கூடாதுன்னு ஒரு ஸ்லைடே போட்டேனே." பிறகு கேட்டாள்: "நீங்க இழுத்தீங்களா?"

"ஒரு இழுப்பு."

"நீங்களும் போங்க."

போனை வைத்ததும் நான் முதலில் செய்தது மூச்சை இழுத்து அடக்கிப் பார்த்ததுதான். பாக்கியராஜை நினைத்தது அதற்குப் பிறகு.

அவருடைய போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. அவர் மனைவி அருள்ராணிக்கு அடித்தேன்.

"செல்லு போன வண்டிப் பையில போட்டுட்டு மறந்துடுவாருப்பா. இன்னா விஷயம்?"

"ஒண்ணியும் இல்ல அண்ணி. ஸ்பேனர விட்டுட்டுப் போயிட்டாரு. எந்த மண்டபம்?"

"பாண்டி ரோட்டுல, மாசிலாமணி மண்டபம். ஏன் உன் கொரலு ஒரு மாதிரி கீது?"

"தூக்கம் அண்ணி."

வேங்கடேசனிடம் சொன்னேன். கார் சாவியைக் கேட்டேன். "ரூமப் பாக்க வர்ற பார்ட்டி எப்ப வேணா கூப்டுவாங்க சித்து, நான் இருக்கணும்" என்றார். சாவியைக் கேட்டதற்கு அது பதில் இல்லை. நான் வெளியே வந்தபோது பின்னாலேயே வந்து, "ஆஸ்பத்திரில கேட்டா வெயில்ல மயக்கம்னு சொல்லு. நம்ம பேரு வேணாம்" என்றார்.

108-க்கு அடிக்கலாமா என்று யோசித்தேன். என்ன சொல்வது? நன்றாக இருக்கிற ஒருவர் மண்டபத்தில் ஏசி ரிப்பேர் செய்துகொண்டிருக்கிறார், வந்து தூக்கிப் போங்கள் என்றா? விழுப்புரம் பஸ் வந்தது. ஏறினேன்.

ஜன்னலோர இடம். அனல் காற்று. விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் பஸ் ஊர்ந்தபோது என் மூச்சை நான் கவனிக்க ஆரம்பித்தேன். கவனிக்க ஆரம்பித்த பிறகு அது தானாக நடக்கவில்லை. ஒவ்வொரு மூச்சையும் நானே இழுத்து நானே விட வேண்டியிருந்தது. நெஞ்சில் பாரம் இருக்கிறதா, இல்லை, பாரம் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் பாரமா? பக்கத்தில் இருந்தவர் மல்லாட்டைக் கடலையை உரித்துத் தின்றுகொண்டிருந்தார். ஒவ்வொரு ஓடு உடையும்போதும் எனக்குத் தூக்கிப்போட்டது.

முண்டியம்பாக்கத்தில் பெரிய ஆஸ்பத்திரி வாசலில் பஸ் நின்றது. சிலர் இறங்கினார்கள். நானும் எழுந்து நின்றேன். இங்கேயே இறங்கி உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளலாம், அவருக்குப் போன் அடித்துக்கொண்டே இருக்கலாம், எடுத்தால் சொல்லலாம். கண்டக்டர், "எறங்குறியா இல்லியாப்பா?" என்றார். படிக்கட்டைப் பார்த்தேன். விசில் அடித்தார். பஸ் நகர்ந்த பிறகுதான் உட்கார்ந்தேன். தீரமாக முடிவெடுத்து நான் இறங்காமல் இருக்கவில்லை. கால் எழும்பவில்லை, அவ்வளவுதான்.

மண்டபத்தில் மேடை அலங்காரம் நடந்துகொண்டிருந்தது. முதலாளி மாசிலாமணி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வியர்வையில் நனைந்து நின்றார். மெக்கானிக் எங்கே என்றேன். மேலே கையைக் காட்டினார். இரண்டு மாடி ஏறி மொட்டைமாடிக்குப் போனேன். என் மூச்சு வாங்கியது. படி ஏறியதால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பாக்கியராஜ் வெயிலில் குந்தி உட்கார்ந்து ஏசியின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார். தலையில் துண்டு.

"இன்னாடா, ஊட்டுக்குப் போய்த் தூங்காம இங்க வந்து நிக்கிற? யாரனா பொண்ணு பாக்க வந்தியா?"

"ண்ணா, எழுந்திரு. ஆஸ்பத்திரிக்குப் போவணும்."

"யாருக்கு?"

"உனக்கு."

எல்லாவற்றையும் சொன்னேன். ஆஷ்லின் சொன்ன வரிசையிலேயே சொன்னேன். அவர் ஸ்பேனரைத் திருப்பிக்கொண்டே கேட்டார்.

"இருவது வருஷமா இழுக்கிறேன்டா. உள்ள போன கேஸுக்குக் கணக்குப் போட்டா நானே ஒரு ஃபிரிட்ஜு."

"இது வேற கேஸுண்ணா."

"கைய வுடு, செல்லு போன வுடு, ஒண்ணியும் ஆவாதுன்னு காமிச்சதே அந்தப் பொண்ணுதான?"

"எரிஞ்சா ஆவுமாம்."

"அத அன்னைக்கே சொல்லணும் இல்ல?"

"சொன்னாங்களாம். இங்கிலீஷ்ல."

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. காலையில் இருமிய இருமல் மாதிரி இல்லை, குட்டையாக, ஈரமாக இருந்தது. துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"பாத்தியா, இருமுற."

"வெயில்ல எவன் இரும மாட்டான்?"

கீழேயிருந்து மாசிலாமணி கத்தினார். "யோவ் பாக்கியராஜு! பூவெல்லாம் வாடுதுயா! பொண்ணு மாப்ள வந்து வெந்துடுவாங்கயா!"

"ஆச்சி சார், ஆச்சி!" என்று இவர் கத்தினார். அந்த ஒரு கத்தலுக்குப் பிறகு வாயைத் திறந்து காற்றை இழுத்தார். அவருக்கு அது தெரிந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது.

"ஏசி ஓடட்டும், நானே வர்றேன். நீ சொல்ற எடத்துக்கு வர்றேன். இப்ப போ, பேஜாரு பண்ணாத" என்று கேஸ் சிலிண்டரைத் தூக்கப் போனார். நான் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டேன். இழுத்தார். நான் விடவில்லை. என்னைவிட இரண்டு மடங்கு பலம் அவருக்கு. அந்தப் பலத்தை அவர் செலவு செய்யக்கூடாது என்பதற்காகத்தான் நான் பிடித்திருந்தேன், பிடித்ததாலேயே அவர் செலவு செய்துகொண்டிருந்தார். விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு செய்ததை நான் யோசித்துச் செய்யவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். பிறகு சாய்ந்தேன். காய்ந்த தளம் முதுகைச் சுட்டது.

"ண்ணா, மூச்சு வரல."

சிலிண்டர் டங்கென்று விழுந்தது.

"டேய். டேய் சித்து." என் முகத்துக்கு நேரே அவர் முகம். அந்த முகத்தில் நான் அதுவரை பார்த்திராதது ஒன்று வந்திருந்தது. "நீயும் இழுத்த இல்ல? நான்தான குடுத்தேன்? மாதாவே."

நான் இவ்வளவு நேரம் சொன்ன எதையும் அவர் நம்பவில்லை. எனக்கு என்றதும் எல்லாவற்றையும் நம்பிவிட்டார்.

பைக்கில் ஏற்றிக்கொண்டு போவார், அல்லது ஆட்டோ கூப்பிடுவார், நான் கூடவே போய் அவரை உள்ளே தள்ளிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அவர் குனிந்து என்னை இரண்டு கையாலும் அள்ளித் தோளில் போட்டுக்கொண்டார்.

"எறக்குண்ணா. நான் நடந்து வர்றேன்."

"பேசாத. மூச்ச வீணாக்காத."

படிக்கட்டுக்கு ஓடினார்.

என் தலை அவர் முதுகுப் பக்கம் தொங்கியது. காது அவர் விலாவோடு ஒட்டியிருந்தது. முதல் வளைவிலேயே கேட்டுவிட்டது. சூடான வாணலியில் கல் உப்பைப் போட்டால் பொரிகிற மாதிரி, உள்ளே மெல்லிய சத்தம். ஒவ்வொரு மூச்சுக்கும். படி ஏறாதே, பாரம் தூக்காதே என்று ஆஷ்லின் சொன்னது எல்லாம் என் உடம்புக்கு அடியில் நடந்துகொண்டிருந்தது. அந்தப் பாரம் நான்.

எனக்கு ஒன்றும் இல்லை, நடித்தேன் என்று சொன்னால் இறக்கிவிடுவார். ஒரு அறை விடுவார். பிறகு திரும்ப மேலே ஏறி சிலிண்டரைத் தூக்குவார். சொல்லாவிட்டால் இன்னும் ஒரு மாடி. வாயைத் திறந்தேன். இரண்டு தடவை திறந்தேன். அந்தச் சத்தம் என் காதுக்குள் பொரிந்துகொண்டே வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

கீழே அவரே கத்தி ஆட்டோவை நிறுத்தினார். மாசிலாமணி ஓடிவந்து, "ஏசி?" என்று ஆரம்பித்து, என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"முண்டியம்பாக்கம் போ, ஜல்தி" என்றேன் ஆட்டோக்காரரிடம். சாகப்போகிறவன் குரல் மாதிரி இல்லை அது. பாக்கியராஜ் கவனிக்கவில்லை. என் தலையை மடியில் வைத்துக்கொண்டு நெஞ்சைத் தேய்த்துவிட்டார். "கண்ண மூடாதடா. பாரு, என்னப் பாரு." பார்த்தேன். உதட்டின் ஓரம் நீலமாகிக்கொண்டிருந்தது. பாதி வழியில் அவர் பேசுவதை நிறுத்தினார். தேய்ப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

அவசரப் பிரிவில் அவருடைய சத்தத்துக்கு ஸ்ட்ரெச்சர் வந்தது. என்னைப் படுக்கவைத்தார்கள். மூக்கில் ஆக்சிஜன் மாஸ்கை மாட்டினார்கள். நான் பிடுங்கினேன்.

"எனக்கில்ல, அவருக்கு."

"புடிங்க சிஸ்டர், புத்தி தடுமாறுது அவனுக்கு" என்று பாக்கியராஜ் என் கையை அமுக்கினார். அமுக்கிய கையில் பலம் இல்லை. பணியில் இருந்த டாக்டர் சின்ன வயசுப் பெண், சட்டையில் ஜெசிந்தா என்று பெயர் இருந்தது. நான் எழுந்து உட்கார்ந்து, போனில் ஆஷ்லினைப் பிடித்து, அதை டாக்டர் காதில் வைத்தேன். கம்பெனி பெயரையும் சொன்னேன்.

டாக்டர் கேட்டுக்கொண்டே என்னைப் பார்த்தாள். பிறகு திரும்பி பாக்கியராஜைப் பார்த்தாள். போனை என்னிடம் கொடுத்துவிட்டு அவர் விரலைத் தூக்கி நகத்தைப் பார்த்தாள்.

"உட்காருங்க."

"எனக்கு இன்னாங்க? பையனப் பாருங்க."

"பேசாதீங்க. உட்காருங்க."

முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தாள். வைத்த இடத்திலேயே கை நின்றது. பாக்கியராஜ் இருமினார். துண்டில் ரோஜா நிறத்தில் நுரை. அவர் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், ஏதோ கேட்கிற மாதிரி. கேட்க மூச்சு இல்லை. ஸ்ட்ரெச்சரில் இருந்து நான் இறங்கினேன், அவரை ஏற்றினார்கள்.

"படி ஏதாவது ஏறினாரா? வெயிட் தூக்கினாரா?" என்று டாக்டர் என்னைக் கேட்டாள்.

"என்னைத் தூக்கிக்கினு ரெண்டு மாடி எறங்கினாரு."

"உங்களுக்கு என்ன?"

"ஒண்ணும் இல்ல."

அவள் ஸ்ட்ரெச்சரோடு உள்ளே போனாள். கதவு மூடிக்கொண்டது.

என்னையும் படுக்கவைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். ஒரு இழுப்புக்கு நுரையீரல் தாங்கியிருந்தது. அது தெரிந்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டே சந்தோஷமாக இருந்தது. அதை என்னால் தடுக்க முடியவில்லை.

அருள்ராணி வந்தபோது யாரோ அவரிடம் பாதியைச் சொல்லியிருந்தார்கள். நேரே வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"உன்னத் தூக்கிக்கினு ஓடியாந்தாராமே. இப்ப உனக்குத் தேவலையா?"

சொல்லிவிட்டேன். பீடியிலிருந்து மாடிப்படி வரை. நடித்ததையும், அந்தச் சத்தம் கேட்டும் வாயை மூடிக்கொண்டதையும். அவர் சுவரோரம் உட்கார்ந்து கேட்டார். அழவில்லை. கடைசியில் கேட்டார்.

"நீ விழலன்னா வந்திருப்பாரா?"

"வந்திருக்க மாட்டாரு அண்ணி."

"தூக்காம இருந்தா இவ்ளோ ஆயிருக்குமா?"

"தெரியல."

அருள்ராணி முந்தானையை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டு அந்தக் கதவையே பார்த்தார். அதற்குப் பிறகு டாக்டர் ஒவ்வொரு தடவை வெளியே வந்தபோதும் நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாக எழுந்தோம். ஒன்றாக உட்கார்ந்தோம்.

வென்டிலேட்டர் குழாய் தொண்டையில் இருந்த நாட்களில் அவரைப் பார்க்க என்னை விடவில்லை. குழாயை எடுத்த பிறகுதான் அருள்ராணி வெளியே வந்தார். பாக்கியராஜ் பிழைத்துவிட்டார், ஆனால் பழைய நெஞ்சு திரும்பாது, ஏணி, மாடி எல்லாம் இனி கிடையாது என்று டாக்டர் சொன்னதைச் சொன்னார்.

"உன்னக் கேட்டுக்கினே கீறாரு. போய்ப் பாரு. ஆனா நடிச்சேன்னு சொல்லித் தொலைக்காத."

"ஏன் அண்ணி?"

"சொன்னா உன்ன ஒதைக்க எழுந்திரிப்பாரு. அவர எழுந்திரிக்க வுடக்கூடாதுன்னு டாக்டரு சொல்லிக்கீது."

உள்ளே போனேன். தோள் இறங்கி, கன்னம் ஒட்டி, வேறு யாரோ மாதிரி படுத்திருந்தார். மூக்கில் ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் கையை லேசாகத் தூக்கினார். அருகில் போய்க் குனிந்தேன்.

"உனக்கு?" என்றார். குரலே இல்லை, காற்றுதான்.

"தேவலைண்ணா."

அவர் நம்பவில்லை. கண் என் முகத்தில் இல்லை. என் நெஞ்சில் இருந்தது. அது ஏறுகிறதா, இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். பஸ்ஸில் நான் என்னைப் பார்த்துக்கொண்ட மாதிரி இல்லை. அவர் கண்ணில் இருந்த பயம் எனக்காக. நான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அவர் பார்வைக்கு நேராக உட்கார்ந்து, அவருக்கு நன்றாகத் தெரியும்படி மூச்சை மெதுவாக இழுத்து விட்டேன். மறுபடி இழுத்து விட்டேன். அவர் கண் மூடுகிற வரை அதைச் செய்துகொண்டிருந்தேன்.